தலைப்பு எழுத்தில் என்ன கோளாறு? மாணவர் உளவியல் திரில்லர் படங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

உளவியல் திரில்லரின் தலைப்பைப் பார்க்கும்போது ஏதோ ஒன்று சரியில்லை என்று தோன்ற வேண்டும். அந்தச் 'சரியில்லாதது' இயக்குநர் வைத்ததாக இருக்க வேண்டும், மென்பொருள் வைத்ததாக இருக்கக் கூடாது. கொம்பு இடம் மாறி, கால் விலகி, புள்ளி காணாமல் போன தலைப்பில் நீங்கள் வேண்டுமென்றே சாய்த்த ஓர் எழுத்தை யார் கவனிக்கப் போகிறார்கள்? அதனால் தெரியாமல் நுழைந்த பிழைகளை முதலில் களைவோம். வேண்டிய பிழையை வைப்பது பிறகு.

கீழே எல்லா இடத்திலும் மாதிரிக்கு ஒரே தலைப்புதான்: 'பதினோராம் மாடி'. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக் ஒன்றில் நடக்கும் 12 நிமிடப் படம், 1920×1080 பிக்சல், நொடிக்கு 25 ஃபிரேம், எழுத்தளவு 120 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொம்பு பின்னால் போய் நிற்கிறது

'னோ' என்று தட்டினால் ன முதலிலும் இரட்டைக்கொம்பு அதற்குப் பிறகும் வருகிறது. சில நேரம் கொம்போடு ஒரு புள்ளிவட்டமும் ஒட்டிக்கொள்கிறது. தட்டச்சில் தவறில்லை. யூனிகோடில் மெய் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் பதிவாகும். கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது எழுத்துகளை அடுக்கித் தரும் நிரலின் வேலை. ஆங்கிலத்துக்கு மட்டும் அமைந்த நிரல் இருந்தால் பதிவான வரிசையிலேயே கொட்டிவிடும்.

ஃபோட்டோஷாப்பிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் பாராகிராஃப் பலகையின் மெனுவில் 'வேர்ல்டு ரெடி' என்று தொடங்கும் தேர்வைப் போடுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ப்ரிஃபரன்சஸுக்குள் டைப் பகுதியிலும், பிரீமியரில் கிராஃபிக்ஸ் பகுதியிலும் 'சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்ற தேர்வைத் தேடுங்கள். பதிப்புக்குப் பதிப்பு பெயர் கொஞ்சம் மாறும். மாற்றிய பிறகு பழைய லேயரை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டுங்கள். பழைய லேயர் பழைய அமைப்பையே பிடித்துக்கொண்டிருக்கலாம்.

பலதுறைத் தொழிற்கல்லூரி ஆய்வகக் கணினியில் அமைப்புகளை மாற்ற அனுமதி இல்லையா? இலவச இங்க்ஸ்கேப்பில் தலைப்பைத் தட்டுங்கள், அது தமிழைச் சரியாக அடுக்கும். பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுங்கள். பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாக 3840 பிக்சல் அகலத்தில் வெளியேற்றிப் படத்தொகுப்பில் சேர்த்துவிடுங்கள். கடைசி நாள் இரவில் அமைப்புகளோடு மல்லுக்கட்டுவதைவிட இது மேல்.

எந்த மென்பொருளிலும் முதல் சோதனையாக 'கொடைக்கு பௌர்ணமி ஸ்ரீ தேவை' என்று தட்டிப் பாருங்கள். பொருள் இருக்காது. ஆனால் சிக்கல் தரும் வடிவங்களில் பெரும்பாலானவை அதில் இருக்கின்றன.

கட்டம் கட்டமாக வருகிறது, அல்லது ஆங்கிலக் குப்பையாக வருகிறது

கட்டங்கள் வந்தால் எழுத்துருவில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து வந்தால், யாரோ பாமினி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருவில் தட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வகையில் உள்ளே பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்துகளே, மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. சொல்லை நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகத் தெரிந்தால் யூனிகோடு, குப்பையாகத் தெரிந்தால் பழைய குறியீடு. ஒரு தலைப்புக்காக மாற்றி நிரல் தேட வேண்டாம், மறுபடி தட்டுங்கள்.

மூன்றாவது வகை நைசாக ஏமாற்றும். மெனுவில் நீங்கள் தேர்ந்த அழகான ஆங்கில எழுத்துருவின் பெயர் இருக்கும், திரையில் தமிழும் சரியாகத் தெரியும். ஆனால் அந்தத் தமிழ் அந்த எழுத்துருவிலிருந்து வந்ததல்ல. கணினி தன்னிடமிருந்த நிர்மலா யூஐயையோ தமிழ் சங்கம் எம்என்னையோ இரவல் கொடுத்திருக்கிறது. வேறு கணினியில் திறந்தால் வேறு முகம் வரும். தடிமனை மாற்றும்போது ஆங்கிலம் மாறித் தமிழ் அப்படியே நின்றால், அது இரவல்தான்.

தமிழ் உள்ள, திறந்த உரிமத்தில் கிடைக்கும் எழுத்துருக்கள் போதிய அளவில் இருக்கின்றன: நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், அனெக் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், மீரா இனிமை, டிரோ தமிழ். அனெக் தமிழில் தடிமனோடு அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம், மீரா இனிமையில் ஒரே தடிமன்தான். எதை எடுத்தாலும் எழுத்துருக் கோப்பையும் அதனுடன் வரும் உரிமக் கோப்பையும் படத்தின் கோப்புறையிலேயே வையுங்கள். திரைப்பட விழாவுக்கு அனுப்பும் நாளில், 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற எழுத்துருவில் தலைப்பு இருப்பதைக் கண்டுபிடிப்பது நல்ல அனுபவம் அல்ல.

இடைவெளி விட்டதும் சொல் உடைகிறது

திரில்லர் என்றாலே எழுத்துகளை அகலப் பரப்பி வைக்கும் வழக்கம் ஆங்கிலத் தலைப்புகளிலிருந்து வந்தது. அதே டிராக்கிங்கை, அதாவது எழுத்திடைவெளி அமைப்பை, தமிழில் போட்டால் 'மா' உடைந்து, ம ஓரிடத்திலும் கால் வேறிடத்திலும் நிற்கும். 'பதினோராம் மாடி'யில் நம் கணக்குக்கு 7 எழுத்துகள்: ப, தி, னோ, ரா, ம், மா, டி. யூனிகோடில் இடைவெளி நீங்கலாக அவை 13 குறியீடுகள். பல மென்பொருள்கள் எழுத்துருவில் தனித்தனியே வரையப்பட்டிருக்கும் ஒவ்வொரு உருவுக்கும் பிறகு இடைவெளியைச் செருகும். டிராக்கிங் 100 என்றால் எழுத்தளவில் 1000-இல் 100 பங்கு, அதாவது 120 பிக்சல் எழுத்துக்கு 12 பிக்சல். அந்த 12 பிக்சல் னோவுக்குள் இரண்டு இடங்களில் விழுகிறது.

டிராக்கிங்கை 0-க்குக் கொண்டுவாருங்கள், பிறகு கையால் செய்யுங்கள்:

1. தலைப்பை அவுட்லைனாக, அதாவது தட்டச்சு எழுத்திலிருந்து வெறும் வரைவடிவமாக, மாற்றுங்கள். மாற்றுமுன் தட்டச்சு லேயரின் நகல் ஒன்றை மறைத்து வையுங்கள்.
2. ஒவ்வொரு எழுத்தின் பாகங்களையும் சேர்த்துக் குழுவாக்குங்கள். னோவின் கொம்பு, ன, கால் மூன்றும் ஒரே குழு. ம்-இல் ம-வும் புள்ளியும் ஒரே குழு. கடைசியில் 7 குழுக்கள் இருக்க வேண்டும். கூடவோ குறையவோ இருந்தால் ஏதோ விட்டுப்போயிற்று.
3. முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் வேண்டிய இடத்தில் நிறுத்தி, நடுவில் உள்ளவற்றைச் சம இடைவெளியில் பரப்புங்கள். இரண்டு சொற்களையும் தனித்தனியாகச் செய்யுங்கள்.
4. கண்ணால் திருத்துங்கள். ப மேலே திறந்திருக்கும், ரா செங்குத்துக் கோட்டில் முடியும். அளவுகோல் சமம் என்று சொல்வதைக் கண் சமம் என்று ஒப்புக்கொள்ளாது. தலைப்பைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். சொல்லை வாசிப்பது நின்று வெற்றிடங்கள் மட்டும் தெரியும்.

இரண்டு சொற்களுக்கு இடையே உள்ள வெளி, எழுத்துகளுக்கு இடையே உள்ள வெளியைப்போல் குறைந்தது மூன்று மடங்காவது இருக்கட்டும். இல்லாவிட்டால் 'பதினோராம்மாடி' என்ற ஒரே சொல்லாகிவிடும்.

அசைவூட்டினால் கொம்பு தனியே பறக்கிறது

அதே நோய்தான். ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் எழுத்து அனிமேட்டர் 'கேரக்டர்ஸ்' என்று எண்ணும்போது அது எண்ணுவது நம் எழுத்துகளை அல்ல. ரேஞ்ச் செலக்டரில் 'வேர்ட்ஸ்' என்று மாற்றினால் சொல் சொல்லாக வரும். எழுத்து எழுத்தாக வர வேண்டுமென்றால் மேலே செய்த 7 குழுக்களையும் 7 லேயர்களாகக் கொண்டுவந்து ஒவ்வொன்றுக்கும் 3 அல்லது 4 ஃபிரேம் தள்ளித் தொடக்கம் கொடுங்கள்.

ர எது, கால் எது என்று தெரியவில்லை

'ரா' இந்தத் தலைப்பின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. ர-வின் கீழ்வால் குட்டையான எழுத்துருவில் அது இரண்டு கால்கள் போலத் தெரியும். மெல்லிய தடிமனிலும் சின்னத் திரையிலும் இன்னும் மோசம். இதற்கு அமைப்பு ஏதும் இல்லை, எழுத்துருவை மாற்றுவதுதான் வழி. எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது கணினி காட்டும் மாதிரி வாசகத்தை நம்பாமல் உங்கள் தலைப்பையே தட்டி ஒப்பிடுங்கள்.

"பேய்ப்படமா?" என்று கேட்கிறார்கள்

சொட்டும் ரத்தம், கிழிந்த விளிம்பு, நடுங்கும் கீறல். இவை அச்சம் வெளியிலிருந்து வருவதாகச் சொல்லும் எழுத்துகள். உளவியல் திரில்லரில் ஆபத்து தலைக்குள் இருக்கிறது, வெளியே எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். ஆகவே தலைப்பும் ஒழுங்கான, கொஞ்சம் சலிப்பூட்டும் எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

சிங்கப்பூரில் அதற்கு மாதிரி தேடி அலைய வேண்டாம். மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகள், புளோக் சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் எண்கள், கதவருகே '#11' என்று தொடங்கும் வீட்டு எண், கட்டுமானத் தளத்தில் நான்கு மொழிகளில் 'அபாயம்' என்று எச்சரிக்கும் பலகை. தினமும் பார்த்துப் பார்த்துக் கண் மரத்துப்போன எழுத்துகள் இவை. அந்தத் தொனியில் நோட்டோ சான்ஸ் தமிழோ முக்தா மலரோ, நடுத்தரத் தடிமனில், கறுப்பின் மேல் வெளிர்சாம்பலில் வையுங்கள். உண்மையான அமைப்பு எதன் சின்னத்தையும் நகலெடுக்க வேண்டாம், தொனி போதும்.

இனி வேண்டிய பிழையை வையுங்கள். ஒன்றே ஒன்று. மாடியின் 'டி'யை 1 பாகை சாய்த்தால் யாருக்கும் தெரியாது. 2 பாகையில் கண் இடறும், காரணம் பிடிபடாது. 5 பாகையில் 'ஓ, டிசைன்' என்று புரிந்துவிடும், அத்தோடு பயமும் போய்விடும். சாய்ப்பதற்குப் பதில் இறக்கவும் செய்யலாம், 120 பிக்சல் எழுத்துக்கு 3 பிக்சல். இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள்.

கதை பழைய காலத்தைத் தோண்டுகிறதா? அப்படியானால் 'பதினோராம்' உங்களுக்கு ஒரு பரிசு வைத்திருக்கிறது. 1978-இல் தமிழ்நாடு அரசு ஆணையிட்ட எழுத்துச் சீர்திருத்தத்தில் மாறிய வடிவங்களில் னோவும் ஒன்று. பழைய வடிவத்தில் தனிக்கால் இருக்காது, ன-வின் வால் கீழே சுழிந்து வளையும். இங்கே பள்ளியில் இன்றைய வடிவத்தையே படித்த மாணவர் அந்த இடத்தில் அரை நொடி தடுமாறுவார், அவருடைய பாட்டி தடுமாறாமல் வாசித்துவிடுவார். இந்தப் பிளவை வேறெந்தச் சிறப்பு விளைவாலும் செய்ய முடியாது. பெரும்பாலான யூனிகோடு எழுத்துருக்களில் பழைய வடிவம் இல்லை, வரைய வேண்டும். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களின் தலைப்புச் செய்திகளைப் பார்த்து வடிவத்தை அறிந்துகொண்டு, உங்கள் எழுத்துருவின் கோட்டுத் தடிமனிலேயே வரையுங்கள். தடிமன் மாறினால் ஒட்டுப்போட்டதாகத் தெரியும்.

வேண்டுமென்றே செய்ததை எழுத்துப்பிழை என்கிறார்கள்

தலைப்பிலிருந்து புள்ளியை எடுத்துவிடும் யோசனை எல்லாருக்கும் ஒரு தடவை வரும். 'பதினோராம மாடி' என்று திரை திறந்தால், மண்டபத்தில் இருக்கும் தமிழாசிரியர்கள் அடுத்த மூன்று நிமிடப் படத்தைப் பார்க்க மாட்டார்கள். குறை யோசனையில் இல்லை, வரிசையில் இருக்கிறது. முதலில் சரியான தலைப்பை 50 ஃபிரேம், அதாவது 2 நொடி காட்டுங்கள். வாசித்து முடித்த பிறகு ம்-இன் புள்ளி மட்டும் 12 ஃபிரேமில் மங்கி மறையட்டும். மேலும் 25 ஃபிரேம் வைத்துவிட்டு வெட்டுங்கள். மறைவதைக் கண்ணால் கண்டவர் அதைப் பிழை என்று சொல்ல மாட்டார். சுவரொட்டியில் இந்த விளையாட்டு வேண்டாம், அங்கே முன்னும் பின்னும் கிடையாது.

கைப்பேசியில் புள்ளி தானாக மறைகிறது

1080 வரிப் படம் 360 வரியில் ஓடும்போது எல்லாம் மூன்றில் ஒரு பங்காகிறது. 5 பிக்சல் புள்ளி 2 பிக்சலுக்கும் கீழே போய், காணொளிச் சுருக்கத்தில் கரைகிறது. ஆங்கிலத்தில் ஐயின் புள்ளி போனால் நட்டமில்லை. தமிழில் க் க ஆகிவிடும். முழு அளவில் புள்ளியின் விட்டம் குறைந்தது 9 பிக்சல் இருக்கட்டும். எழுத்துருவில் அது சிறிதாக இருந்தால் அவுட்லைனாக்கிய பிறகு புள்ளியை மட்டும் 115 விழுக்காடு அளவுக்குப் பெரிதாக்கலாம், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். தடிமன் 100, 200 என்ற மெல்லிய வகைகளைச் சுவரொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள், திரைக்கு 500 அல்லது 600. டிரோ தமிழ்போலத் தடித்தும் மெலிந்தும் ஓடும் எழுத்துருவில் மெலிந்த கோடுகளையும் இதே கண்ணோடு பாருங்கள்.

சிவப்பு கசிகிறது, மண்டபத்தில் தலைப்பே தெரியவில்லை

கறுப்பின் மேல் கருஞ்சிவப்பு. இந்த ஆசைக்கு இரண்டு தண்டனைகள். இணையத்துக்குப் போகும் காணொளியில் சதுரமாக அமைந்த நான்கு பிக்சல்களுக்கு ஒரே நிறத் தகவல்தான் சேமிக்கப்படும், ஒளித்தகவல் மட்டுமே ஒவ்வொரு பிக்சலுக்கும் உண்டு. சிவப்பு ஒளிக்கணக்கில் சுமார் 21 விழுக்காடுதான் பங்களிக்கிறது. ஆகவே எழுத்தின் விளிம்பை வரைய வேண்டிய பொறுப்பு பாதித் துல்லியமுள்ள நிறத்தின் தலையில் விழுகிறது, விளிம்பு படிக்கட்டாகிறது. இரண்டாவது தண்டனை மண்டபத்தில். வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஒளி வேறுபாடு 21-க்கு 1. முழுச் சிவப்புக்கு 5.25-க்கு 1. சிவப்பு மதிப்பு 139 மட்டும் உள்ள கருஞ்சிவப்புக்கு ஏறத்தாழ 2.1-க்கு 1. விரிவுரை அறையில் பின்வரிசை விளக்கு ஒன்று எரிந்தாலே கதை முடிந்தது.

எழுத்து வெளிர்நிறமாகவும் பின்னணி கருஞ்சிவப்பாகவும் இருந்தால் இரண்டும் தீரும். சிவப்பு எழுத்துதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் முழுச் சிவப்பில் கொஞ்சம் வெள்ளை கலந்து, தடிமனை ஒரு படி ஏற்றுங்கள். மூலக் கோப்பை, ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறத் தகவலைச் சேமிக்கும் புரோரெஸ் 4444 வடிவில் வைத்து, மற்ற வடிவங்களை அதிலிருந்து எடுங்கள். எழுத்தைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் வைத்திருந்தால் வளையம் வளையமாகக் கோடு விழும். திட்டத்தை 16 பிட்டுக்கு மாற்றி, மேலே 1 முதல் 2 விழுக்காடு மணல் இரைச்சல் தூவுங்கள்.

ஆங்கிலத் தலைப்பு தமிழை அமுக்குகிறது

இங்கே பெரும்பாலும் இரு மொழித் தலைப்பு தேவைப்படும். ஆங்கிலத்தை முழுக்கப் பெரிய எழுத்தில் வைத்தால் அது மதில்போல நிற்கும். தமிழில் பெரிய எழுத்து கிடையாது, மேலும் கீழும் அலையும் வடிவங்கள்தான். இரண்டுக்கும் ஒரே எண் அளவைக் கொடுப்பது தவறின் தொடக்கம். தமிழ் ப-வின் உயரத்தை அளந்து, ஆங்கிலப் பெரிய எழுத்து அதைவிடக் குட்டையாக இருக்கும்படி ஆங்கிலத்தைக் குறையுங்கள். ப 70 பிக்சல் என்றால் ஆங்கிலம் 35 முதல் 40 போதும். ஆங்கிலத்தில் டிராக்கிங்கைத் தாராளமாகக் கூட்டி, இரண்டு வரிகளின் அகலத்தையும் ஒன்றாக்கலாம். தலைப்பு இரண்டு தமிழ் வரிகளானால் வரியிடைவெளி எழுத்தளவில் 1.3 மடங்குக்குக் கீழே போகக் கூடாது. மேல்வரியின் 'ழு'வும் கீழ்வரியின் மேல்விலங்கும் மோதிக்கொள்ளும்.

ஓரம் வெட்டுப்படுகிறது

எழுத்துப் பாதுகாப்பு எல்லை 90 விழுக்காடு. 1920×1080-இல் இடமும் வலமும் 96 பிக்சல், மேலும் கீழும் 54 பிக்சல் விடுங்கள். திரையரங்குக்கு டிசிபி (திரையரங்குகள் ஓட்டும் டிஜிட்டல் கோப்புத் தொகுப்பு) செய்தால், அதில் ஃபிளாட் எனப்படும் திரை அளவு 1998×1080. படத்தை அப்படியே வைத்தால் இருபுறமும் 39 பிக்சல் கறுப்பு வரும். நிரப்புவதற்காகப் பெரிதாக்கினால் மேலும் கீழும் சுமார் 22 பிக்சல் வெட்டுப்படும். 54-ஐ மதித்திருந்தால் எழுத்துக்கு ஒன்றும் ஆகாது.

பெயர்ப்பட்டியல் நடுங்குகிறது

உருளும் வேகம் ஒரு ஃபிரேமுக்கு முழு எண் பிக்சலாக இல்லாவிட்டால் ப, ட போன்றவற்றின் கிடைக்கோடுகள் துடிக்கும். பட்டியலின் நீளத்தை நீங்கள் நொடியில் கொடுத்து, வேகத்தை மென்பொருள் கணக்கிடும்போது இதுதான் நடக்கிறது. தலைகீழாகக் கணக்கிடுங்கள். பட்டியலின் உயரம் 2160 பிக்சல், அதோடு ஒரு திரை 1080, மொத்தம் 3240. ஃபிரேமுக்கு 3 பிக்சல் என்றால் 1080 ஃபிரேம், 25 ஃபிரேம் கணக்கில் 43.2 நொடி. நீளமாகத் தோன்றினால் 4 பிக்சல் வையுங்கள், 810 ஃபிரேமில் முடியும். 3.5 வேண்டாம்.

பட்டியலில் தமிழ், சீன, மலாய்ப் பெயர்கள் கலந்து வரும் என்பதால் இரவல் எழுத்துருச் சிக்கல் இங்கே மறுபடி தலைதூக்கும். சீன எழுத்துக்கும் ஓர் எழுத்துருவை நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். தமிழில் பெயரை எப்படி எழுதுவது என்று அவரவரிடமே கேட்டு, குறுஞ்செய்தியில் யூனிகோடாக வாங்கி ஒட்டுங்கள். காதால் கேட்டுத் தட்டினால் ர-வுக்கு ற, ன-வுக்கு ண என்று போய்விடும், திரையரங்கில் பக்கத்து இருக்கையில் அவருடைய அம்மா உட்கார்ந்திருப்பார்.